கழிக்க மறந்த காற்று

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். கொட்டாரத்து வயலில் வரப்பு வெட்டும்போது அக்கா புருஷனான அத்தானை நல்ல பாம்பு கடித்தது. ஆசுபத்திரியில் ஊசி போட்டும் இமை தாழ்ந்து, மூச்சு நின்றது. டாக்டர் தொண்டைக்குள் குழாய் இறக்கி, முனையில் ஒரு ரப்பர்ப் பையை மாட்டினார்.

"விஷம் இறங்குற வரைக்கும் இதை நல்லா அமுக்கணும். விட்டா ஆள் போயிரும்."

நானும் பெரிய மாமாவும் மாறி மாறி அமுக்கினோம். மாமா கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பவர். நான் அப்போதுதான் கணிதத்தில் பி.ஏ. முடித்திருந்தேன். கை வலித்ததும் கணிதம் கைகொடுத்தது.

"மாமா, அமுக்கைப் பாதியாக்கி எண்ணிக்கையை ரெட்டியாக்குங்க. பெருக்கிப் பாத்தா மொத்தக் காத்து மாறாது. கையும் வலிக்காது."

"படிச்ச பய சொன்னா சரிதாம்ல" என்று மாமா துரித தாளத்தில் இறங்கினார். சுடலைமாடனே எழுந்து ஆடியிருப்பார். அத்தான் ஆடவில்லை. நெற்றி வேர்த்தது, நகம் நீலமாயிற்று.

ஓடிவந்த டாக்டர் பையைப் பிடுங்கி ஆழமாக அமுக்கினார். நகத்தில் நிறம் திரும்பியது.

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காத்து குழாயிலயும் தொண்டையிலயும் நின்னுரும். மிச்சம்தான் நுரையீரலுக்கு. குட்டிக் குட்டியா அமுக்கினா மிச்சம் ஏது? யாரு பாத்த வேலை இது?"

பெருக்கத் தெரிந்த நான் கழிக்க மறந்திருந்தேன். குனிந்து அத்தானின் போர்வையைச் சரிசெய்தேன். காப்பி வாங்கிக்கொண்டு வந்த அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கைப்பழக்கம், டாக்டரே" என்றார் மாமா.

விஷம் இறங்கிக் குழாயை எடுத்ததும் அத்தான் என்னை அருகே கூப்பிட்டார்.

"ஏலே, பாம்பு பாதிதான் கொன்னுது. மீதி உன் கணக்கு."

"கேட்டுதா அத்தான்?"

"கண்ணுதாம்ல தொறக்க முடியல. காதுக்கு என்ன? அக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

நான் சொல்லவில்லை. அதன்பின் எந்தக் கல்யாண வீட்டில் நான் குரலை உயர்த்தினாலும், எதிர்ப்பந்தியில் அத்தானின் வலதுகை எழும்பி, குட்டிக் குட்டியாக, வேகமாகக் காற்றை அமுக்கும். நான் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன். அக்கா அதைப் பாம்புக்கடியின் மிச்சம் என்று நம்பி, ராத்திரி அந்தக் கைக்குத் தைலம் தேய்ப்பாள். அத்தானும் சுகமாக நீட்டிக்கொடுப்பார்.

தன் புருஷனைக் கொல்லப்பார்த்த மாமாவுக்கு மட்டும் அவள் வீட்டில் காப்பி ஆறித்தான் வரும். என் டம்ளரில் ஆவி பறக்கும். மாமா ஒருநாளும் சூடாகக் கேட்கவில்லை. மடமடவென்று குடித்துவிட்டு, "நல்ல காப்பி மக்கா" என்பார், கடைசிவரை.