இன்னும் ஒரு சொட்டு

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் சிக்கனத்துக்குப் பேர்போனவர். அதனால்தானோ என்னவோ, ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தபோதும் பழைய சிவப்புக் கார் ஒன்றைத்தான் வாங்கினார். அதன் ரேடியேட்டரிலிருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் கசிந்து, வாசலின் புது வெள்ளை டைல்ஸில் சொட்டியது.

“இன்னும் ஒரு சொட்டு விழுந்தா, கார் வித்தாச்சுன்னு வச்சுக்குங்க” என்றார் மனைவி.

வாத்தியார் காருக்கடியில் மல்லாந்து படுத்து, ரேடியேட்டர் குழாயை இறுக்கிப் பிடிக்கும், தளர்ந்துபோன கிளாம்ப்பை மாற்றினார். கசிவு நின்றது. மறுநாள் ஊர் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினால், டைல்ஸில் ஒரு சொட்டு.

“இது ஏசித் தண்ணிம்மா. எல்லாக் கார்லயும் சொட்டும்.”

“நான் சொட்டுன்னுதான் சொன்னேன். என்ன சொட்டுன்னு சொன்னேனா?”

வரையறை என்று வந்துவிட்டால் கணக்கு வாத்தியாரால் மறுக்க முடியாது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். அன்றிலிருந்து உச்சிவெயிலிலும் ஏசி போடாமல்தான் ஓட்டுகிறார். கார் உலர்ந்து வந்து நிற்கிறது. அவர் வேர்வையில் தொப்பலாக இறங்குகிறார்.

“டைல்ஸ்ல நிக்காதீங்க, சொட்டுது!”