மாமன் மடியும் நின்றுபோன இன்ஜினும்

கடலைப் பற்றித் திண்டுக்கல் தாடிக்கொம்புப் பக்கத்தில் யாருக்கும் ஒரு இழவும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் அன்று காலை சங்கிலியின் மகளுக்குக் காது குத்த வந்திருந்த சனம் மொத்தமும் கடலைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது. ஒவ்வொரு வாயிலும் கிரீஸ் துணியை வைத்து அடைக்கலாமா என்று சங்கிலிக்கு ஆத்திரம் வந்தது.

சங்கிலி துபாயில் ஒரு பெரிய மனிதரின் சொகுசுப் படகில் இன்ஜின் மெக்கானிக். எண்பதடி நீளப் படகு. மேலே நாலு படுக்கையறையும் மெத்தையும் கண்ணாடியும். அடித்தட்டில் ஆள் குனிந்து போகும் அறைக்குள் இரண்டு பெரிய டீசல் இன்ஜின். ஊரில் அவனுக்குக் 'கப்பல்காரர்' என்று பெயர். கப்பல்காரருக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்குத் தெரியாது. மானாவாரிக் காட்டில் பிறந்தவன் எங்கே போய் நீந்துவது? ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் லாரியில் கம்ப்ரசர் பார்த்தவன் அவன். ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புழுதி கிளம்பிய காடுகளில் வருசக்கணக்காக இன்ஜினோடு மல்லுக்கட்டியவன். அப்புறம் ஜெனரேட்டர் பார்க்க துபாய் போனான். அங்கிருந்து படகுக்கு மாறினான். லாரியில் கிடந்தாலும் படகில் கிடந்தாலும் இன்ஜினுக்கு வேண்டியது டீசலும் காற்றும் குளிர்ச்சியும்தான், மற்றதெல்லாம் பெயின்ட் என்பான்.

முதல் மாதம் வாந்தியிலேயே போனது. பிறகு கேப்டன் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலையின் குணம் பிடிபட்டது. பெரிய அலைக்கு விலாவைக் காட்டக் கூடாது. முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக் காட்ட வேண்டும். ஏறும்போது வேகம் கொடுத்து, இறங்கும்போது விட்டுப் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் கீழே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுவிட்டால் எண்பதடிப் படகும் தண்ணீரில் விழுந்த மரக்கட்டையும் ஒன்றுதான்.

படகில் இன்னொரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் லீவில் வர முடியும். போன வருசம் மனைவி கௌசல்யாவின் தம்பி மதியழகனை உதவி ஆளாகக் கூட்டிப் போயிருந்தான். நிலக்கோட்டையில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் இருந்த பையன். வேலை சுத்தம், வாய் குறைச்சல். இந்தத் தடவை மதியை நிறுத்திவிட்டு சங்கிலி வந்தான். விஷயம் தெரிந்ததும் கௌசல்யா குதித்தாள்.

"காதுகுத்துக்கு அப்பன் வந்து என்னத்துக்கு ஆகுது? மாமன்ல வரணும்! மாமன் மடியில வைக்காம எம்புள்ளைக்குக் காது குத்தவா?"

அவள் சொன்னதில் தப்பில்லை.  கடைசியில் ஒரு வழி செய்தார்கள். கௌசல்யாவின் சித்தப்பா முத்துச்சாமி மாமனுக்குப் பதிலாக மடி கொடுப்பது. மதி வீடியோவில் முகம் காட்டுவது. மாமன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிள்ளைக்குக் குத்திவிட்டால் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று மாமியார் ஜக்கம்மாள் தீர்ப்புச் சொன்னாள்.

குலதெய்வம் கோயில், தகரப் பந்தல். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தமிழ்நிலா முத்துச்சாமியின் மடியில் உட்கார்ந்து, நடக்கப்போவது என்ன என்று தெரியாமல் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். முத்துச்சாமி ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் செல்போனையும் பிடித்திருந்தார். மதி வந்தான். ஆனால் துறையில் கட்டிய படகிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் பின்னால் வானமும் தண்ணீரும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

"ஏலே, கடலு எம்புட்டு அழகா ஆடுது பாரு!" என்றார் முத்துச்சாமி.

"சித்தப்பா, போன மச்சான்ட்ட குடுங்க," என்றான் மதி. காற்று அவன் பேச்சைப் பாதி தின்றது.

"மதி, சாப்டியாப்பா? ஏன் இப்பிடி கருத்துட்ட?" ஜக்கம்மாள் இடையில் தலையை நீட்டினாள்.

"அம்மா, போன குடும்மா. எடது இன்ஜின் நின்னுருச்சு."

சங்கிலிக்கு அது போதும். "மாமா, குடுங்க," என்று கையை நீட்டினான். முத்துச்சாமி போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இருங்க மாப்ள, நேரம் போகுது. மாமன் முகத்தப் பாத்துக்கிட்டே குத்தணும்ல? ஆசாரி, ஆரம்பிங்க."

"இன்ஜின் நின்னுருச்சுங்கிறான் மாமா!"

"நின்னா நிக்கட்டும். செத்த நேரம் ஆடாம நிக்கும்ல?"

இந்த மனிதருக்கு எதைச் சொல்லி விளங்க வைப்பது? சங்கிலி போனைப் பிடுங்கினான். பிள்ளை வீறிட்டது. "நல்ல காரியத்துல இப்பிடியா பண்ணுவாக!" என்று யாரோ சொன்னார்கள். மேளக்காரர்கள் குத்து முடிந்துவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டினார்கள். சங்கிலி காதைப் பொத்திக்கொண்டு, மேளச் சத்தம் எட்டாத ஒரே இடமான கோயில் கிணற்று மோட்டார் ரூமை நோக்கி ஓடினான்.

மதி விஷயத்தைச் சொன்னான். முதலாளியின் விருந்தாளிகள் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பியே ஆக வேண்டும் என்று நின்றிருக்கிறார்கள். காற்று கூடும் என்று கேப்டன் சொன்னது எடுபடவில்லை. இப்போது வடமேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. இடது இன்ஜின் செத்துவிட்டது, வலது விட்டு விட்டு ஓடுகிறது. நங்கூரம் போட்டார்கள், அது மணலில் பிடிக்காமல் இழுபடுகிறது. பின்னால் துறைமுகத்தில் அலையைத் தடுக்கப் போட்ட கல்கட்டு. அலை அதில் மோதித் தெறிப்பதைச் சங்கிலி போனிலேயே பார்த்தான். 

"டெம்பரேச்சர் என்ன காட்டுது?"

"சரியா இருக்கு மச்சான்."

"புகை?"

"புகையே இல்ல. மூச்சு முட்டுற மாதிரி இழுத்து இழுத்து நிக்குது."

"அப்ப டீசல் போகல. பில்டர் கிண்ணத்தப் பாரு."

மதி இன்ஜின் அறைக்குள் இறங்கினான். படம் உறைந்தது, குரல் மட்டும் வந்தது. கிண்ணம் கரேலென்று இருக்கிறதாம். சங்கிலிக்கு விளங்கிவிட்டது. டேங்கின் அடியில் இத்தனை காலம் சும்மா படுத்துக் கிடந்த கசடு, கடல் குலுக்கிய குலுக்கலில் கலங்கி, பில்டரை அடைத்துவிட்டது. அமைதியான தண்ணீரில் ஒரு நாளும் காட்டாத புத்தியை இன்ஜின்கள் இப்படி நேரம் பார்த்துத்தான் காட்டும்.

"கீழ டேப்பத் தொறந்து கசட்ட வெளியேத்து. கேப்டன்ட்ட சொல்லு, வலது இன்ஜின முறுக்க வேணாம். மெதுவா வச்சு முகத்தக் காத்துக்குக் காட்டச் சொல்லு. விலாவக் காட்டிறாதீக. புது பில்டர மாட்டு."

"புது பில்டர் எங்க மச்சான்?"

"நீல அலமாரியில."

"அது பூட்டியிருக்கு."

சங்கிலியின் கை தானாக இடுப்புக்குப் போனது. 

"சாவி உங்ககிட்டத்தான மச்சான் இருக்கு?"

இருந்தது. அரைஞாண் கயிற்றில், வேட்டிக்குள், சூடாக. மறந்துபோய்க் கொண்டுவந்தது இல்லை அது. போர் லாரி நாளிலிருந்தே சங்கிலிக்கு அந்தப் பழக்கம். வேலை முடித்துக் கிளம்பும்போது இன்ஜினிலிருந்து ஒரு சாமானைக் கழற்றி, "கழுவிட்டு வாரேன்" என்று வீட்டுக்குக் கொண்டு போய்விடுவான். நாஸிலோ, ஒரு பின்னோ, ஏதோ ஒன்று. லாரிக்காரனால் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. எத்தனை பேர் வந்து குனிந்து பார்த்தாலும் கடைசியில் சங்கிலி வந்தால்தான் ஓடும். அந்தச் சுற்று வட்டாரத்தில் பாதி மெக்கானிக்குகள் இப்படித்தான் பிழைத்தார்கள். இந்தத் தடவை லீவுக்கு முன்னால் திண்டுக்கல் பூட்டு ஒன்றை அலமாரியில் தொங்கவிட்டான். போன லீவில் கடையில் சொல்லிச் செய்து வாங்கிய கனமான மாங்காய்ப் பூட்டு. இதற்கு ஒரே சாவிதான் என்று கேப்டனிடம் பீற்றிக்கொண்டான். பக்கத்துப் படகில் ஒருவன் லீவில் போய்த் திரும்பியபோது, மாற்றாக நின்றவனே நிரந்தரமாகியிருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து சங்கிலிக்குத் தூக்கம் சரியில்லை. மதி வேலை சுத்தமான பையன். அதுதான் பயமே. ஒரு பில்டர் மாற்றக்கூட சங்கிலி திரும்பி வர வேண்டும், கேப்டன் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. காற்றையும் கல்லையும் அவன் நினைக்கவில்லை.

"ஒடைச்சுரு," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எத வச்சு ஒடைக்க? பார்த்துப் பார்த்துத் திண்டுக்கல் பூட்டால்ல வாங்கியாந்து போட்டிருக்கீக!"

சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. மறுபடி, மறுபடி. பூட்டு அசையவில்லை. திண்டுக்கல் பூட்டு ஆசாரிகள் கைவேலைக்கு உலகத்தில் எவன் சாபம் போட்டிருப்பான்? சங்கிலி போட்டான். மோட்டார் ரூம் சுவரைக் கையால் குத்தினான். ஓடிப்போய்த் திறக்கவும் முடியாமல், சாவியைத் தூக்கி எறியவும் முடியாமல், இந்த மண்ணில் நின்றுகொண்டு, "பக்கவாட்டுல அடி, நெம்பு, இழு" என்று கத்திக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் விருந்தாளிப் பெண் ஒருத்தி அழுவது கேட்டது. வலது இன்ஜினும் இருமி நின்றது.

"மச்சான்," என்றான் மதி. கோபமே இல்லாத குரல். "நீங்க செத்த சும்மா இருங்க."

போன் எங்கோ வைக்கப்பட்டது. திரை இருட்டு. தடதடவென்று சாமான்கள் உருண்டன. இரும்பை இரும்பால் நெம்பும் சத்தம், மரம் பிளக்கும் சத்தம், கேப்டனின் கத்தல். பூட்டை விட்டுவிட்டுக் கதவைக் கீல் பக்கமாகப் பெயர்க்கிறான் என்று சங்கிலி ஊகித்தான். தனக்கு ஏன் அது தோன்றவில்லை? பூட்டைத் தவிர வேறெதையும் அவனால் நினைக்க முடியவில்லை.

அதற்குள் கௌசல்யா வந்துவிட்டாள். பின்னால் ஜக்கம்மாள், ஆசாரி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முத்துச்சாமி. "என்னங்க, தம்பிக்கு என்ன?" என்றாள் கௌசல்யா. சங்கிலி போனை அவளிடம் காட்டினான். இருட்டுத் திரையைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது.  ஜக்கம்மாள் குலசாமி பெயரைச் சொல்லி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அமுக்கும் 'சளக் சளக்' மட்டும் கேட்டது. சங்கிலி தன் கட்டைவிரலாலும் காற்றில் அமுக்கினான். ஸ்டார்ட்டர் உறுமியது, நின்றது. மறுபடி உறுமியது. இன்ஜின் பிடித்தது.

அந்தச் சத்தம் சீராகி, படகு நிமிர்ந்து, கல்கட்டைவிட்டு விலகிவிட்டது என்று கேப்டன் கத்திச் சொல்லும்வரை சங்கிலி மூச்சு விடவில்லை. திரையில் மதி முகம் வந்தது. டீசலும் வியர்வையும் வழிந்தன. விரல் முட்டியில் ரத்தம்.

"மாப்ள இங்கன இருந்துக்கிட்டே கப்பல ஓட்டிட்டாரே!" என்று முத்துச்சாமி சங்கிலியின் முதுகில் தட்டினார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

"கையில என்னடா ரத்தம்?" என்றாள் கௌசல்யா.

"அலமாரியப் பேத்தேன்க்கா. பூட்டியிருந்துச்சு."

"சாவி எங்க?"

மதி திரை வழியாகச் சங்கிலியைப் பார்த்தான். சங்கிலி அவனைப் பார்த்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான் குடுத்துட்டுத்தான் போனாரு. நாந்தான் தண்ணிக்குள்ள போட்டுட்டேன்."

"கூறுகெட்ட பய!" கௌசல்யா அழுதுகொண்டே வெடித்தாள். "பொறுப்பா இருப்பேன்னுதான உன்ன நம்பி விட்டுட்டு வந்தாரு? ஒரு சாவிய வச்சுக்கத் துப்பில்ல. அத்தன உசுரு போயிருக்கும்! அவரு பேரையுங் கெடுக்கத்தான் போனியா?"

ஜக்கம்மாளும் சேர்ந்துகொண்டாள். பையனுக்கு விளையாட்டுப் புத்தி போகவில்லை என்றார் முத்துச்சாமி. மதி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். திட்டு நிற்கிற வழியாக இல்லை. மேளக்காரர்கள் வேறு, ஆட்கள் இங்கே கூடிவிட்டதைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். சும்மா இருந்தால் எல்லாம் முடிந்துபோகும். சங்கிலிக்கு அது நன்றாகத் தெரிந்தது. திரையில் மதியின் விரல் முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான்.

"அவன் தொலைக்கல," என்றான்.

"என்ன?" கௌசல்யாவுக்கு மேளச் சத்தத்தில் கேட்கவில்லை.

"அவன் தொலைக்கலங்கிறேன்!"

"கேக்கலங்க, சத்தமாச் சொல்லுங்க!"

"சாவி எங்கிட்டத்தான் இருக்கு!" சங்கிலி தொண்டை கிழியக் கத்தினான். மேளம் நின்றுவிட்டதை அவன் கவனிக்கவில்லை. "நாந்தான் வேணும்னே பூட்டிட்டு எடுத்துட்டு வந்தேன். நான் இல்லாம அவன் நல்லாப் பாத்துட்டான்னா எம்பொழப்புப் போயிருமேன்னு!"

மோட்டார் ரூம் வாசலில் நின்ற அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். திரையில் மதி, "ஏன் மச்சான்," என்று மட்டும் முனகினான்.

கௌசல்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கிலியின் கையிலிருந்து போனை வாங்கி, திரையை ஆசாரியின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"ஆசாரி, பிள்ளையோட மாமன் வந்துட்டாக. குத்துங்க," என்றாள். அப்புறம் புருசன் பக்கம் திரும்பாமலே, "பிள்ளையோட அப்பாவச் செத்த தள்ளி நிக்கச் சொல்லுங்க," என்றாள்.