'எங்களைப் பற்றி' என்றொரு பக்கம்

ஜன்னல் திரைச்சீலை தைக்கும் அந்தக் கடையில் 'டேப் அக்கா' என்றால்தான் ஆளைத் தெரியும். பதினாறு வருடமாகக் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய், ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல்களை அளப்பவள் அவள்தான். கணவர் கடையில் உட்கார்ந்திருப்பார். கொழுந்தன் துணி வாங்கப் போகிறேன் என்று கிளம்புவார். எப்போது திரும்புவார் என்பது அவருக்கே வெளிச்சம்.

கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். போன வருடம் எதிர்க்கடை கண்ணாடிக்காரர் இதற்காக முன்பின் யோசிக்காமல் ஒரு டெவலப்பரைப் பிடித்தார். என்ன வேண்டும் என்று டெவலப்பர் கேட்டதற்கு, "பாக்க நல்லா இருக்கணும்" என்றார் கண்ணாடிக்காரர். நன்றாகத்தான் இருந்தது, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மட்டும் அதில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்தக் கூத்து நமக்கு வேண்டாம் என்று வெப்சைட்டில் என்னென்ன வர வேண்டும் என்று எழுத டேப் அக்கா ஒரு நோட்டு வாங்கினாள்.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். வருகிறவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்கள்? வெயிலை மறைக்குமா, துவைத்தால் சுருங்குமா, வீட்டுக்கு வந்து அளப்பீர்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், அதில் என்ன படம், அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று ஒரு கோடு. கடைசியாக 'எங்களைப் பற்றி' என்று தலைப்புப் போட்டு நான்கு வரி எழுதினாள். அதில் தன் பெயரைப் போட்டு, பதினாறு வருடமாக அளவெடுப்பவர் என்று ஒரே ஒரு வரி. அதை எழுத இரண்டு நாள் ஆனது. வெட்கமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

கொழுந்தன் நோட்டைப் புரட்டினார். "பிரமாதம் அண்ணி! டெவலப்பருக்கு வேலையே வைக்கலையே." கடைசிப் பக்கம் வந்ததும் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"என்ன தம்பி, அடிச்சிட்டீங்க?"

"இது எங்களைப் பத்தி இல்லையா அண்ணி? அப்பா ஆரம்பிச்சாரு, அப்புறம் அண்ணன், நான். அவ்வளவுதானே."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் துணி மடிப்பதிலிருந்து தலை நிமிரவில்லை. "அவன் சொல்றது சரிதானே. எங்க கடை எப்படி வந்துச்சுன்னு சொல்ற இடம் அது. உன்னை எதுக்கு அதுல இழுக்கணும்?"

எங்க கடை. அவளிடமே சொல்கிறார்! கொட்டும் மழையில் ஒன்பது ஜன்னல் அளக்கப் போனபோது அது 'நம்ம கடை'. காய்ச்சலோடு நின்று துணி வெட்டியபோது 'நம்ம கடை'. உழைக்கிறவரைக்கும் 'நம்ம', எழுத உட்கார்ந்தால் 'எங்க'. அவள் நோட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் டெவலப்பர் வந்தார். நோட்டைப் பார்த்து அசந்துபோனார். "யாருங்க இதைப் போட்டது?"

"நாங்கதான் உக்காந்து பண்ணோம்" என்றார் கொழுந்தன், கூச்சமே இல்லாமல். கணவர் லேசாக இருமினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு. கஸ்டமர் கூப்பிடுறதுக்கு எந்த நம்பர் போடட்டும்?"

கொழுந்தன் டேப் அக்காவின் நம்பரை மனப்பாடமாக ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க தம்பி" என்றாள் அவள். "அது என் நம்பர். உங்க கடைக்கு வேற நம்பர் இருந்தா குடுங்க."

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு வருடத்தில், கடைக்கென்று ஒரு நம்பர் வாங்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை.