தனி ஸ்விட்ச்

என் ஜீப்பின் மேல்கம்பியில் ஒன்றரை முழ நீளத்துக்கு ஒரு எல்.இ.டி. பார் லைட் இருக்கிறது. அதன்மேல் எப்போதும் ஒரு கறுப்பு உறை. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால், ஜீப்புக்குக் கண் ஆபரேஷனா என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. ரோட்டில் உறை போட்டுத்தான் ஓட்ட வேண்டும், சட்டம் அப்படி என்பேன். அது உண்மைதான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து எதையும் செய்கிற ஆள் நான் இல்லை என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். தென்னையும் நடுவில் வாழையும். அந்த வருஷம் யானை ஒரே மாதத்தில் மூன்று முறை வாழைக்குள் இறங்கியது. ஒருநாள் பொழுது சாய்ந்தபின் தோப்புக்குள் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனேன். பழைய ஹெட்லைட், தீக்குச்சி கிழித்தது போல எரியும். முதலில் வாசனைதான் வந்தது. பிறகுதான் பத்தடி தூரத்தில் ஒரு தென்னை அசைந்ததைப் பார்த்தேன். அது தென்னை இல்லை. ரிவர்ஸிலேயே வீடு வந்து சேர்ந்தேன். பயந்துவிட்டேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை. ஜீப்புக்கு லைட் போடப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த இரண்டு வாரம் போனும் கையுமாக இருந்தேன். தூரத்துக்கு அடிப்பது ஒன்று, அகலமாக விரிப்பது ஒன்று, வெள்ளை, மஞ்சள் என்று பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துப்போனது. மாரியம்மன் நோம்பிக்குச் சீரியல் செட்டு வாங்கப் போகிறீர்களா என்று என் மனைவி கேட்டாள்.

டவுனில் கணபதி பக்கம், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்தில் வயரிங் வேலை செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். ஒயரைத் தொடும் முன்பு, எந்தத் தடத்தில் ஓட்டுகிறீர்கள், யார் எதிரே வருவார்கள் என்றெல்லாம் சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி விசாரிப்பார். மழையிலும் பனியிலும் வெள்ளை வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும், அதனால் பம்பரில் மஞ்சளாக ஒரு ஜோடி போதும் என்றார். எனக்கு வெள்ளைதான் வேண்டும், அதுவும் மேலே. மேலே இருந்தால்தானே எடுப்பு. மேலே வைத்தால் எதிரே வருபவன் கண்ணில் நேராக அடிக்கும் என்று அவர் எச்சரித்தார். எங்கள் தடத்தில் எதிரே வருவது யானை மட்டும்தான் என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, ரிலேயும் ஃபியூஸும் வைத்து, மேல்கம்பியில் கிளாம்ப் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது. கடைசியில் பாய் ஒரு கேள்வி கேட்டார். ஹைபீமோடு சேர்த்துவிட்டால், டிம் அடித்த உடனே பார் லைட்டும் தானாக அணைந்துவிடும். தனி ஸ்விட்ச் என்றால், நம் கை போய் அணைத்தால்தான் அணையும். எப்படி வேண்டும்?

"யானை முன்னால நிக்கறப்ப கை தவறி டிம் அடிச்சுப்போட்டா மொத்தமும் இருட்டாயிருமுங்க பாய். தனியாவே போடுங்க."

"போட்டுரலாமுங்க. ஆனா எதுக்க ஆள் வந்தா நீங்கதான் நெனச்சு அணைக்கோணும்."

ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்விட்சை வைத்தார். நேரே எவ்வளவு வெளிச்சமோ பக்கத்தில் அவ்வளவு இருட்டாகத் தெரியும், பார்த்து ஓட்டுங்கள் என்றும் சொன்னார். கையில் உறையைக் கொடுத்தார். அதை சீட்டுக்கு அடியில் எறிந்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வருவது ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி நெருக்கும் மண்தடம். அதில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால், சின்ன வண்டிக்காரர் வேலியோரம் ஒதுங்கிக் காலை ஊன்றி நிற்பார். பெரிய வண்டிக்காரர் டிம் அடித்துக் கையைத் தூக்கிவிட்டுப் போவார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அது எங்கள் பக்கத்து மரியாதை. அடுத்த தோட்டத்து அண்ணன் இதில் ரொம்பக் கெட்டி. பந்தல் போட்டுப் பாகலும் புடலையும் விளைவிப்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். என் ஜீப் சத்தம் கேட்டாலே மொபெட்டை ஓரம் கட்டிவிடுவார்.

லைட் போட்ட அந்த வாரமே யானை வந்தது. ஸ்விட்சைத் தட்டினேன். தோப்பு முழுக்கப் பகலானது. யானை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு திரும்பி ஓடி, இட்டேரியின் கிழக்கு வேலியைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டது. நான் அந்த வீடியோவை ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். மறுநாள் அண்ணன் நேரில் வந்து பாராட்டினார். சாய்ந்த வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய பழைய கிணறு, சுற்றுச்சுவர் இல்லாதது. மழை விட்டதும் முள் வெட்டி அடைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

மழை விடவில்லை. இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் ஏழு மணி இருக்கும், தூறலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். இட்டேரியில் தூரத்தில் ஒற்றை விளக்கு. அண்ணன்தான். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதற்கு பஸ் பிடிக்க வந்துகொண்டிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் டிம் அடித்தேன். வழக்கம்போல அந்த விளக்கு வேலியோரம் ஒதுங்கியது. பிறகு தூறலில் தெரியவில்லை. ஆஃப் செய்துவிட்டு நிற்கிறார் என்று நினைத்தேன். கடக்கும்போது கையைத் தூக்கினேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு கேட் முன்னால் நிறுத்தியபோதுதான், கேட்டின் துருவெல்லாம் துல்லியமாகத் தெரிவதைக் கவனித்தேன். பார் லைட் எரிந்துகொண்டே இருந்தது. டிம் அடித்ததும் எல்லாம் அடங்கிவிட்டதாகக் கை நம்பிவிட்டது. நாளைக்கு அண்ணனிடம் திட்டு வாங்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

மழையால் அப்பா கிளம்பவில்லை என்று மகள் நினைத்திருக்கிறாள். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று அண்ணனின் மனைவி, எங்கள் அக்கா, நினைத்திருக்கிறார். காலையில்தான் தேடினார்கள். கிணற்றில் மொபெட்டும் அண்ணனும் கிடந்தார்கள். சாய்ந்த வேலியிலும் சேற்றிலும் யானைத் தடம். அது பழைய தடம், ஆனால் பார்க்க வந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. யானை துரத்தியிருக்கிறது என்றார்கள். கூட்டத்தில் ஒருவர் என்னிடம், நேற்று நீங்கள் இந்தப் பக்கம் வந்தீர்களா என்று கேட்டார்.

"பொழுதோடவே, இருட்டறதுக்குள்ள வந்துட்டனுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது. நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்பது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவளும் அங்கேதான் நின்றாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மதியம் சீட்டுக்கு அடியிலிருந்த உறையை எடுத்து மாட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த இட்டேரியில் தினமும் போகிறேன். அந்த இடம் வந்ததும் கை தானாக மேலே போகிறது. யாருக்குத் தூக்குகிறேன்? சில நாள் எஞ்சினை அணைத்தபின்பும் மொபெட் சத்தம் கேட்கிறது. டிம் அடிக்கும் அந்தச் சின்ன 'டிக்' ஓசைகூட எனக்கு ஆகவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், யானைக்குப் பயந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக லைட் போட என்னிடமே யோசனை கேட்டு வந்தார்கள். எல்லோரையும் பாயிடம் அனுப்பினேன். ஹைபீமோடு சேர்த்துப் போடுங்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் அக்கா வந்தார். மருமகன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கிறாராம். என் லைட் மாதிரியே, அதே ஆளிடம் போட்டுத்தர வேண்டுமாம். நல்லா மங்கிய நேரம். ஜீப் இட்டேரியைப் பார்த்து நின்றிருந்தது. ஒருதரம் போட்டுக் காட்டுங்கள் தம்பி என்றார். ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அவரே எட்டி உறையை உருவிவிட்டார்.

ஸ்விட்சைப் போட்டேன். வெளிச்சம் இட்டேரி முழுக்க ஓடி, புதிதாகக் கட்டிய முள்வேலிவரைக்கும் போனது. அக்கா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இந்த வெளிச்சம் இங்க இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாருங்க தம்பி."

"இருந்துச்சுங்க்கா" என்றேன். "நான்தான் வந்தேன். அணைக்க மறந்துபோட்டேன். பொழுதோட வந்தேன்னு சொன்னது பொய்யிங்க்கா."

அவர் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி இட்டேரிக்குள் நடந்தார். முள்வேலிக்குப் பக்கத்தில் போய், என் பக்கம் திரும்பி நின்றார். என் கை ஸ்விட்சுக்குப் போனது.

"அணைக்காதீங்க" என்றார் அங்கிருந்தே.

புருவத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் பார்த்தார். ஓர் அடி வேலிப்பக்கம் தள்ளி வைத்தார். இன்னொரு கையால் முள்ளைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னுமே தெரியலீங்களே தம்பி" என்றார்.