பூண்டு மணத்த கை

நாற்றுப்பண்ணையில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். இலையைக் கசக்கி ஒருமுறை முகர்ந்தால் போதும், சரியான பெயர்ச்சீட்டைத் தொட்டியில் செருகிவிடுவாள். மற்றவர்கள் தப்பாகச் செருகியதைப் பிடுங்கி எறிவதில் அவளுக்கு அலாதி மகிழ்ச்சி. வீட்டில் நாத்தனாரையும் விட்டுவைக்கமாட்டாள். வாசலில் நின்றபடியே, "என்னடி, அடிப்பிடிச்சிருச்சா?" என்பாள்.

அன்று சாப்பிட்டுத் திரும்பியவள், பூண்டுத்தாள் நாற்றுத் தட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தொட்டியில் இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு! பூண்டுத்தாள் வெள்ளையாகத்தான் பூக்கும். இது மழை லில்லி. பார்க்க அச்சு அசல் அதே தாள், தின்றால் குடலைப் புரட்டி எடுத்துவிடும்.

மூக்கு எப்படித் தப்பியது? கையை முகர்ந்தாள். காலையில் முதல் தட்டில் கசக்கியது நிஜப் பூண்டுத்தாள். அதே கையோடு இந்தத் தட்டுக்கும் வந்திருக்கிறாள். அந்தக் கையில் கல்லைத் தேய்த்தாலும் பூண்டுதான் மணக்கும்.

தட்டில் ஒரு தொட்டியின் இடம் காலி. எடுத்தது அவளேதான். சாப்பிட வீட்டுக்குப் போனபோது நாத்தனாரிடம் கொடுத்து, "முட்டையில போட்டுப் பொரிச்சுக் குடு, உன் புள்ள விரும்பித் தின்பான்" என்று பெருமை பேசிவிட்டு வந்திருந்தாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஓடினாள். தெருமுனையில் செருப்பு அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தன்னால் உயிரோடு இருக்க முடியாது என்று தோன்றியது.

கதவைத் தள்ளும்போதே நாத்தனாரின் குரல் கேட்டது.

"அடம் பண்ணாம வாயைத் தொற. உங்க அத்தை மோந்து பாத்துக் குடுத்தது. அவங்க மூக்கு என்னிக்காவது தப்பியிருக்கா?"

மூஞ்சிக்கு நேராக ஒருநாளும் புகழாத நாத்தனார். மூக்கக்கா பாய்ந்து அவள் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டாள். முட்டை தரையெல்லாம் சிதறியது.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"அது பூண்டு இல்லடி. விஷம். நான்தான் தப்பாக் குடுத்துட்டேன். உள்ள போச்சா?"

"ஒரு வாய் குடுத்தேன். துப்பிட்டான்."

"கசக்குதுன்னு சொன்னேன்ல அத்தை?" என்றான் பிள்ளை. "அம்மாதான் நம்பல."

அவனை வாய் கொப்புளிக்க வைத்தார்கள். மூக்கக்கா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஈரக்கையை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இன்னும் வாசனை வருதா? நீ பாத்துச் சொல்லு."