வலது கை மட்டும் போதுமாம்

இந்த ஊரில் என்னிடம் பியானோ கற்க வருகிறவர்கள் முதல் வேலையாகப் பெட்டியின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைக்கிறார்கள். அது உருண்டு கட்டைகளின் மேல் விழுந்து, ஒரு சத்தம் எழும். "நல்ல சகுனம்" என்பார்கள். பர்மாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் கப்பலேறி, இந்தப் பெட்டியையும் கட்டிக்கொண்டு, அப்பா பிறந்த புதுக்கோட்டைச் சீமைக்கு வந்தேன். இன்னும் எனக்கு இது பழகவில்லை. ரங்கூனில் இருக்கும் நம் சனங்களும், என்னைப்போல் வந்து சேர்ந்தவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும்.

ரங்கூனில் என்னை 'சயாமா' என்பார்கள். டீச்சர் என்று அர்த்தம். பெயரைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிடுவேன். தாய் தகப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் இடது கையால் நாலு கட்டை தட்டுவேன். பிள்ளையும் இடது கையால் அதைத் திருப்பித் தட்ட வேண்டும். வலது கை ஊருக்குப் பழகிய கை, பொய் சொல்லும். இடது கையில்தான் பிள்ளையின் காது தெரியும். எனக்குக் கற்றுக்கொடுத்த, கரேன் இனத்துச் சயாமா அப்படித்தான் என்னைப் பார்த்து எடுத்தாள். நானும் அப்படித்தான் எத்தனையோ பேரை எடுத்தேன், திருப்பியும் அனுப்பினேன். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

இங்கே பிள்ளையைத் தனியே விடவே மாட்டார்கள். சித்தப்பா, அத்தை வரைக்கும் வந்து பாயை நிறைத்துவிடுவார்கள். ராகுகாலம் முடியட்டும் என்று வாசலிலேயே நிற்பார்கள். பிறகு பரீட்சை எனக்குத்தான். கும்மி வாசிக்க வருமா, பெண் பார்க்க வருவதற்குள் ஒரு பாட்டாவது வந்துவிடுமா என்று கேட்பார்கள். எரிச்சலை முழுங்கிக்கொண்டு பதில் சொல்வேன்.

போன தை மாசம் திருமயம் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரக் குடும்பம் காரில் வந்தது. பெண் பெயர் உமையாள், பத்து வயசிருக்கும். இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நாலு கட்டை தட்டி, "எடது கையால தட்டு தாயி" என்றேன்.

"அய்யய்யோ! டீச்சரம்மா, நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையாலயா?" என்று அவள் அம்மா எழுந்தே விட்டாள்.

"திருவரங்குளம் கோயில்ல தவுல் அடிக்கிறவரு, எடது கையைக் கட்டிப்போட்டுக்கிட்டா அடிக்கிறாரு?" என்றேன்.

தகப்பனார் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"அவுகளுக்கென்ன, ஆம்பளைக. இவ பொறந்ததுலேருந்து எல்லாத்துக்கும் அந்தக் கையத்தான் நீட்டுவா. அடிச்சு அடிச்சு இப்பத்தான் சோத்துக்கைக்கு மாத்திருக்கேன். நாளைக்குப் போற வீட்டுல பீச்சாங்கையால பரிமாறுனா என்னையில்ல கேப்பாக? வலது கைக்கு மட்டும் சொல்லிக் குடுங்க. போதும்."

உமையாள் வலது கையால் தட்டினாள். ஒன்றும் சேரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு தரம், இன்னும் கடினமானதாகத் தட்டினேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மடிப்புக்குள்ளிருந்து கையை எடுத்து, நான் தட்டியதை ஒரு பிசகில்லாமல் தட்டினாள். ரங்கூனிலும் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

"இந்தக் கைய விட்டுறாதீங்கம்மா" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அம்மாள் மகளின் கையைப் பற்றி இறக்கினாள்.

"அதுக்குத்தான் பயந்தேன். வலது கையின்னா சொல்லுங்க, இல்லாட்டி நாங்க வாறோம்."

"ஒத்தக் கைக்கு எங்கிட்டப் பாடம் கெடையாது."

அரை வித்தையைக் கொடுத்து அனுப்ப என்னால் ஆகாது. இன்றைக்குக் கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் எழுந்து நின்ற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது லேசாக இல்லை.

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே என்று வெற்றிலைபாக்குத் தட்டை நீட்டினேன். வலது கையில் தட்டு. இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டு நின்றது. பர்மாவில் பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். நாற்பது வருஷப் பழக்கம். அந்த அம்மாள் தட்டைத் தொடாமல் அந்த இடது கையையே பார்த்தாள். அவளுக்கு முந்திக்கொண்டு உமையாள் தட்டை வாங்கினாள். வலது கையை நீட்டி, இடது கையை முழங்கையில் வைத்து, அச்சாக என்னைப் போலவே வாங்கினாள்.

"என்னடி புதுப் பழக்கம்?" என்று அம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அது மரியாதைம்மா. எங்க ஊரு வழக்கம்" என்றேன்.

தகப்பனார் செருப்பை மாட்டிக்கொண்டே நல்ல மனசோடுதான் கேட்டார்: "ஒங்க ஊரும் இதுதானே, டீச்சரம்மா?"

கார் போய்விட்டது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தட்டு அவர்களோடு போய்விட்டிருந்தது. என் வலது கை வெறுமனே நீண்டிருக்க, இடது கை இன்னும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.