இரண்டு பொட்டலமும் சிவப்பு

தாய்மாமாமேல் எனக்குள்ள கோபத்துக்கு இந்த ஜூனோடு பன்னிரண்டு வயது. பெண்பிள்ளையாக இருந்தால் சடங்கு சுற்றச் சீர்வரிசை பேசத் தொடங்கியிருப்பார்கள். அந்த அளவுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

கீரமங்கலத்துப் பக்கம் எங்களுக்கு முல்லைத் தோட்டம். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே இரண்டாவதாக வந்தேன். சான்றிதழ் வாங்கப் போனபோது அறிவியல் டீச்சர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பர்ஸ்ட் குரூப் எடுத்துக்க. கணக்கும் இருக்கு, பயாலஜியும் இருக்கு. டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம். ஒண்ணும் புடிக்கலன்னா பி.காம்கூடச் சேரலாம். காமர்ஸ் எடுத்துட்டுப் பின்னாடி இங்கிட்டுத் திரும்பணும்னு நெனச்சா முடியாது."

என்ன ஆகப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பதினைந்து வயதில் அதைவிடப் புத்திசாலித்தனமாக யாரால் நினைக்க முடியும்?

மாமாவால் முடிந்தது. அவருடைய மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குத்தான் என்று ஊரே பேசும். என்னிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

"பொம்பளப் புள்ள ரொம்பப் படிச்சுட்டா அப்பறம் எங்கிட்டு மாப்ள தேடுறது? காமர்ஸ் போதும்" என்றார் மாமா. அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் மாமாவே ஒரு வழி சொன்னார். "சாமிகிட்ட விட்டுருவோம். ஐயனார் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம்."

வெள்ளைப் பூவை ஒரு இலைப் பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். கையில் வருகிற பூதான் தீர்ப்பு. வெள்ளை வந்தால் பர்ஸ்ட் குரூப், சிவப்பு வந்தால் காமர்ஸ். வழக்கமாகச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பொட்டலங்களைத் தட்டில் கொண்டுவந்து வைத்த மாமா என்னையே எடுக்கச் சொன்னார்.

"ஒங் கையாலயே எடு ஆத்தா. நாளைக்கு யாரையும் குத்தம் சொல்லக் கூடாதுல்ல."

கண்ணை மூடி எடுத்தேன். செவ்வரளி. அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி திருநீறு கொடுத்தார். மாமா வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தட்டில் கிடந்த மற்ற பொட்டலத்தை எடுத்து இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. அதிலும் செவ்வரளி.

"ரெண்டுமே செவப்பு! ஏமாத்திட்டாங்க!" என்று கோயிலே அதிரக் கத்தினேன். படியேறி வந்த மாமா பொட்டலத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"சாமி ரெண்டு தடவ சொல்லுது. அப்பவும் ஒனக்குக் கேக்கலயா?"

பூசாரி சிரித்தார். அப்பா தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் என் கையைப் பிடித்து, "வா, சாமி குத்தம் ஆயிரும்" என்று இழுத்தார். மறுநாள் விண்ணப்பத்தில் காமர்ஸ் என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. டீச்சர் வேறு தாள் கொடுத்தார், குரூப்பை மாற்றச் சொல்லவில்லை.

அந்த மாமா மகன் சிங்கப்பூர் போய், உடன் வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். வராத மாப்பிள்ளைக்காக என் கதவுகளை அடைத்தார்கள். இன்று புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில், வருகிற நோயாளிகளுக்குப் பெயர் எழுதிச் சீட்டுப் போடுகிறேன். என்னைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கியவள் உள்ளே டாக்டராக உட்கார்ந்திருக்கிறாள். அவள் மணியடித்தால் நான்தான் ஆளை அனுப்ப வேண்டும். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல?

மாமா வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை. அவர் படுக்கையில் விழுந்து ஆள்மேல் ஆள் அனுப்பியபோதும் போகவில்லை. போன மாதம் செத்துப்போனார். அம்மாவுக்காகப் போனேன்.

அங்கே பந்தலுக்கு வந்த பூவைப் பெண்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வாழைநாரை முடிச்சுப் போட்டார்கள். அம்மா மட்டும் மூன்று சுற்றுச் சுற்றி நுனியை அடியில் மடித்துச் செருகினார். முடிச்சே கிடையாது, நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். பூ மார்க்கெட்டில் பிரித்துப் பார்க்காமலே அது எங்கள் வீட்டுப் பொட்டலம் என்பார்கள்.

கோயிலில் நான் இழுத்ததும் அப்படித்தான் அவிழ்ந்தது. மாமாவுக்குப் பூப் பொட்டலம் கட்டவே தெரியாது. அன்று என் கையிலேயே இருந்த அந்த நாரை நான் பார்க்கவில்லை. இப்போது இந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.